ஐந்து பேர், நான்கு சோடி சப்பாத்து

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 41 வயது, அலுவலக வேலை. கணவருக்கு 46, கணக்காளர், 82 கிலோ, வீடு வந்து சேர இரவு எட்டு மணியாகும். ஃபிளாட் ஐந்தாம் மாடியில். மகள் தரம் 7, மகன் தரம் 4. மகனுக்குத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூசன் இப்போதே கிழமைக்கு நான்கு நாள். ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் அந்த வகுப்புக்கு இவர்தான் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய், ஒன்றரை மணித்தியாலம் வாசலில் காத்திருந்து கூட்டி வருகிறார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கூட இருக்கும் மாமிக்கு 71 வயது, பத்து வருட நீரிழிவு, இரண்டு முழங்காலிலும் நோ.

போன மாதம் கணவரின் எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.1 என்று வந்திருக்கிறது. 'நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள்' என்று அவருடைய டொக்டர் சொன்ன அன்றே வாசகி ஒரு முடிவெடுத்தார். இனி முழுக் குடும்பமும் விடிய ஐந்து மணிக்கு எழும்பி மரீன் டிரைவில் ஒரு மணித்தியாலம் நடக்கும். தவணைக் காசுக்கு நான்கு சோடி சப்பாத்தும் வாங்கினார். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் மகள் எழும்ப மாட்டேன் என்றாள். 'இப்பிடியே படுத்துக் கிட, நல்ல குண்டம்மாவா வருவாய்' என்றார் அப்பா. அவள் கதவைப் பூட்டிக்கொண்டாள். 'முழங்கால் தேய்ஞ்சு போற வயசில என்னை ஏன் பிள்ளை இழுக்கிறீர்' என்றார் மாமி. பையன் வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று ரியூசன் ஆசிரியர் போன் எடுத்துச் சொன்னார். அதோடு சரி. சப்பாத்துகள் இப்போது வாசலில் வரிசையாக இருக்கின்றன, பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது என்று எழுதுகிறார்.

கேள்விகள் மூன்று. இவர்களைக் கட்டாயப்படுத்தித்தான் நடக்க வைக்க வேண்டுமா? கணவர் சொல்வது போல ஜிம்மில் குடும்பப் பக்கேஜ் எடுத்தால் சரிவருமா? பரீட்சை முடியும் வரை மகனையாவது விட்டுவிடலாமா? இவற்றுக்கு நடுவே, மகனைப் பற்றிச் சொல்லும் இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி: 'இவன் பிறக்கும்போதே நாலு கிலோ, வயித்தில இருக்கேக்க எனக்கும் சீனி கொஞ்சம் கூடித்தான் இருந்தது.' இந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

சகோதரி, ஒன்பது நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் 'நாளையில் இருந்து' என்று சொல்லியே வருடங்களைக் கடத்துகிறார்கள். நீங்கள் ஐந்து பேரை லிஃப்டில் ஏற்றி, இருட்டோடு இருட்டாகக் கடற்கரை வீதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள், அதுவும் ஒன்பது தடவை. உங்கள் நோக்கத்தில் பிழை இல்லை. நேரத்தையும் முறையையும்தான் மாற்ற வேண்டும்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். மகன் வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கப் பத்தரை மணியாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு எழுப்பினால் ஆறரை மணித்தியாலத் தூக்கம். அந்த வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது வேண்டும். மகளுக்கும் அதே கணக்குத்தான், அதோடு பருவமடைகிற வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப் போகும், இரவில் தூக்கம் பிந்தி வரும், காலையில் கண் திறக்காது. அது சோம்பல் இல்லை, அந்த வயதின் இயல்பு. தூக்கத்தைக் கடன் வாங்கிச் செய்கிற உடற்பயிற்சி எந்த வீட்டிலும் நிலைப்பதில்லை. தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் பசி கூடும், எடையும் கூடும், ஆகவே நீங்கள் ஒரு பக்கம் சேர்த்ததை மறுபக்கம் கொடுத்துவிடுகிறீர்கள்.

அடுத்தது முறை. ஒன்பது வயதுப் பையன் ஓடுவான், நிற்பான், நாயைப் பார்ப்பான், திரும்ப ஓடுவான். எழுபத்தொரு வயது முழங்கால் நூறு மீற்றருக்கு ஒருமுறை வாங்கில் தேடும். இந்த ஐந்து பேரையும் ஒரே வேகத்தில் ஒரு மணித்தியாலம் நடக்கச் சொல்வது, பஸ்ஸில் ஏறிய எல்லோரையும் ஒரே ஹோல்டில் இறக்கிவிடுகிற மாதிரி. யாரோ ஒருவருக்குத்தான் அது வீட்டுக்குக் கிட்ட.

எவ்வளவு செய்தால் போதும்?

'ஒரு மணித்தியாலம் நடந்தால்தான் பலன், வியர்த்தால்தான் கொழுப்புக் கரையும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல்படி பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு போதும், பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம். பெரியவர்கள் கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், 65 வயது கடந்தவர்கள் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். முன்பு 'ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு' என்று ஒரு நிபந்தனை இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் மாடிப்படி ஏறினாலும் கணக்கில் சேரும்.

மிதமானது என்றால் என்ன? கூட வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. கொழும்பின் புழுக்கத்தில் வாங்கிலில் சும்மா இருந்தாலே வியர்க்கும், அதனால் வியர்வையை அளவுகோலாக வைக்காதீர்கள்.

வீட்டு வேலையும் பயிற்சிதானே என்று கணவர் கேட்கிறாராம். மூச்சு வாங்கினால் பயிற்சிதான். நிலம் கூட்டித் துடைப்பது, சந்தையில் இருந்து இரண்டு கையிலும் பை தூக்கி வருவது, திருவலையில் ஒரு முழுத் தேங்காய் திருவுவது எல்லாம் சேர்த்திதான். அடுப்படியில் நின்றபடி சொதி கிண்டுவது சேராது. ஆனால் இந்தக் கேள்வியை அவர் கேட்பதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது, உங்கள் வீட்டில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்த்தால். சரி, அவர் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை சந்தைக்கு நான்கு பேரும் நடந்து போங்கள், பூசணியும் தேங்காயும் அவர் கையில், கீரை பிள்ளைகள் கையில். தசைக்கு வேலை கொடுப்பதென்றால் இதுவும்தான்.

ஒன்றாக என்றால் ஒரே மாதிரி என்று இல்லை

காலிமுகத்திடலில் கடலோர நடைபாதையில் ஒரு பழைய கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அதில் எழுதி வைத்திருக்கிறார். அவர் மனதில் இருந்த பெண்கள் யாரென்று தெரியும், நம்முடைய பாட்டிமார் இல்லை. இருந்தாலும் கல் அங்கேயே இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, இப்போது நாம்தான் அங்கே நடக்கிறோம்.

ஒரு ஞாயிறு பின்னேரம் நாலரை ஐந்துக்கு அங்கே போய்ப் பாருங்கள். பட்டம் விடுகிற பையன் காற்றைத் தேடி ஓடிக்கொண்டே இருப்பான், அவனை யாரும் ஓடச் சொல்லவில்லை. அவனுடைய அப்பா நூலைப் பிடித்தபடி பின்னால் போவார். கிழவி ஒருத்தி நாலு அடி நடந்து, இருந்து, மாங்காய் வாங்கி, திரும்ப நடப்பார். எல்லோரும் ஒன்றாகத்தான் வந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தங்கள் வேகத்தில் இருக்கிறார்கள். ஆடிவேல் தேரோடு செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டி வரை நடக்கிற சனத்தைப் பாருங்கள். எத்தனை கிலோமீற்றர் என்று அவர்களில் யாராவது கேட்பார்களா? உடம்பை அசைப்பதற்கு வேறொரு காரணம் இருந்தால் போதும், அசைவு தானாக வந்துவிடும். உங்கள் ஐந்து மணித் திட்டத்தில் நடப்பதைத் தவிர வேறு காரணமே இல்லாமல் போய்விட்டது.

மாமி ஊரில் ஆசிரியையாக இருந்த காலத்தில் ராலி சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறைக்குக் கிளித்தட்டு கட்டாயம் தெரிந்திருக்கும். கடற்கரை மணலிலோ புல்லிலோ கோடு கீறி, குறுக்குக் கோடுகளில் ஆட்களை மறிக்க நிறுத்தி, நடுக்கோட்டில் கிளியை ஓடவிட்டு, பிள்ளைகளுக்கு அவரையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். நாலு பேர் காணாது, அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் மச்சான் மச்சாள்மாரையும் கூப்பிடுங்கள். அப்பம்மா கதிரையில் இருந்து நடுவராக இருக்கட்டும். அரை மணித்தியாலம் கிளித்தட்டு விளையாடிய பிள்ளைக்கு வேறு பயிற்சி தேவையில்லை. மாதம் இரண்டு முறை நடந்தாலே பெரிய காரியம், மற்ற நாட்களுக்கு வேறு வழி சொல்கிறேன்.

கணவரின் 6.1

5.7 முதல் 6.4 வரையிலான எச்.பி.ஏ.1சி நீரிழிவுக்கு முந்திய நிலை. பயப்பட வேண்டிய எண் இல்லை, கண்டுகொள்ளாமல் விடக்கூடிய எண்ணும் இல்லை. அமெரிக்காவில் இப்படி வாசலில் நின்றவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வந்தது. கிழமைக்கு 150 நிமிட நடை, உணவுக் கட்டுப்பாடு, எடையில் 7 சதவீதம் குறைப்பது என்ற இலக்கோடு போனவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபோர்மின் மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம். இந்தியாவில் நடந்த அதே மாதிரியான ஆய்வில் (2006) வாழ்க்கை முறை மாற்றத்தால் கிடைத்த குறைவு 28.5 சதவீதம்தான். நம் உடம்பு இந்தியர்களின் உடம்புக்குத்தான் கிட்ட, ஆகவே 58ஐ எதிர்பார்க்காதீர்கள், ஆனால் பலன் உறுதி. 82 கிலோவில் 7 சதவீதம் ஆறு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ஆறு மாதத்தில் அது நடக்கக்கூடிய விஷயம், இரவுச் சோற்றின் அளவையும் பார்த்துக்கொண்டால்.

எட்டு மணிக்கு வருகிற மனுசனுக்குக் காலை ஐந்து மணி சரிவராது. இரவுச் சாப்பாடு முடிந்து எழும்பியதும் ரி.வி.க்கு முன்னால் போய் இருக்காமல், 15 நிமிடம் உங்கள் ஒழுங்கைக்குள் நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு நடந்தால் இரத்தத்தில் ஏறுகிற சீனியைத் தசை எடுத்துக்கொள்ளும், அவருடைய பிரச்சினைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. வரும்போது லிஃப்டை மூன்றாம் மாடியில் விட்டு மிச்ச இரண்டு மாடியை ஏறட்டும், பழகிய பிறகு ஐந்தையும் ஏறலாம். முதல் சில நாள் நீங்களும் கூடப் போங்கள். பகலில் நீங்கள் இருவரும் பில்லையும் பாஸ்வேர்டையும் தவிர வேறொன்றும் கதைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் சேர்த்துத்தான்.

மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்

அப்பாதான், நீங்கள் இல்லை. 'பகிடிக்குத்தான் சொன்னேன்' என்பது சரியான பதில் ஆகாது. வீட்டில் எடையைச் சொல்லிக் கிண்டல் செய்யப்படும் பிள்ளைகள் மெலிவதில்லை. அவர்களுக்கு எடை கூடுவதும், ஒளித்துச் சாப்பிடுவதும், சாப்பாட்டையே வெறுப்பதும், விளையாட்டை விட்டு ஒதுங்குவதும்தான் அதிகம் என்று திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அவர் அவளுடைய அறைக்குப் போய், 'நான் சொன்னது பிழை, இனிச் சொல்ல மாட்டேன்' என்று இரண்டு வசனம் சொன்னால் போதும். விளக்கவுரை வேண்டாம்.

போனில் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) பார்த்து அவள் 'அதிக எடை' என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளுக்கு வயதையும் ஆண் பெண் என்பதையும் வைத்து வளர்ச்சி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். பருவமடைவதை ஒட்டிப் பெண்பிள்ளைகளுக்கு உடம்பு கொஞ்சம் பூசுவது இயற்கை. தரம் 4, 7 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிற வழக்கம் இருக்கிறது, உங்கள் பிள்ளைகள் இருவரும் இப்போது அந்த வகுப்புகளில்தான். உயரமும் எடையும் எழுதிய பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் இருவரையும் ஒரு பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை அவளைத் தராசில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. போன வருடம் வரை வலைப்பந்து விளையாடியவள் 'பெரிய பிள்ளை ஆனதும்' நிறுத்திவிட்டாள், வெயிலில் கறுத்துவிடுவாள் என்று மாமியும் சொன்னார் என்று ஒரு வரி இருந்தது. கவனித்துப் பார்த்தால், அவள் அசைவதை நிறுத்தியது அவளாக இல்லை. மாதவிடாய் நாட்களில் விளையாடுவதால் எந்தக் கெடுதியும் இல்லை, சிலருக்கு வயிற்று நோ குறையவும் செய்யும். அவளைத் திரும்ப வலைப்பந்துக்கு விடுங்கள், ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுங்கள், பல பெண்பிள்ளைகள் ஓட வெட்கப்படுவதற்குப் பாதிக் காரணம் அதுதான், ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். குடும்பத்தோடு நடக்க வரச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பன்னிரண்டு வயதில் அம்மா அப்பாவோடு மரீன் டிரைவில் நடப்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது! என்றைக்குப் போவது, எங்கே போவது என்று தெரிவு செய்கிற பொறுப்பை அவளிடம் கொடுங்கள், அநேகமாக வருவாள்.

மகனும் புலமைப்பரிசிலும்

பரீட்சை முடியும் வரை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். விடக் கூடாது. இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்த பிள்ளையின் கவனம் அதன்பின் சிறிது நேரத்துக்குக் கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விளையாட்டு நேரத்தை வெட்டிப் படிப்பில் போட்டால் மார்க்ஸ் கூடும் என்பது நாம் ஊரோடு சேர்ந்து நம்புகிற ஒன்று, அவ்வளவுதான். பிள்ளைப் பருவத்துப் பருமன் வளர வளரக் கரைந்துவிடும் என்று இருப்பதும் சரியில்லை, பருமனான பிள்ளைகளில் பலர் பருமனாகவே வளர்கிறார்கள்.

அந்த ஓட்டோவை நிறுத்துங்கள். ஒரு கிலோமீற்றர் அவனோடு நடக்க 13 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், போக வர நான்கு நாளைக்கு நூறு நிமிடத்துக்கு மேல் வந்துவிடுகிறது. காலி வீதி ஓரமாகப் போகாதீர்கள், பஸ் புகையும் நெரிசலும் வேண்டாம், உள் ஒழுங்கைகளால் போங்கள். வழியில் அவன் வாய்ப்பாடு சொல்வானா, கிரிக்கெட் ஸ்கோர் சொல்வானா என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள்.

மாமியின் முழங்கால்

நடந்தால் முழங்கால் தேயும் என்பது நம் ஊர் முழுக்கப் பரவிய பயம். உண்மையில் முழங்கால் வாதத்துக்கு உடற்பயிற்சிதான் முதல் மருந்து. அசையாமல் வைத்தால் தொடைத் தசை மெலியும், சுமை முழுக்க மூட்டில் இறங்கும், நோ கூடும். ஆனால் ஒரு மணித்தியால நடையில் தொடங்கியது பிழை, அதில் அவர் சொன்னது சரிதான். பத்து நிமிடம் சமதரையில் காலை ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் போதும். அதோடு கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பது, முதலில் ஐந்து தடவை, பிறகு பத்து. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. பேரன் எண்ணிச் சொல்லட்டும். மாடி இறங்குவது ஏறுவதைவிட முழங்காலை வருத்தும், அவர் லிஃப்டிலேயே போய் வரட்டும். நடந்த பிறகு கொஞ்சம் நோவது பரவாயில்லை, அடுத்த நாளும் நோ கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் காட்டுங்கள்.

நீரிழிவு பத்து வருடம் என்பதால் இரண்டு விஷயம். கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறார் என்றால் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, கைப்பையில் குளுக்கோஸோ நாலு டொபியோ இருக்க வேண்டும். நடுக்கம், குளிர் வியர்வை, தடுமாற்றம் வந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்குகிறது என்று அர்த்தம், உடனே கொடுங்கள். உங்கள் பழைய திட்டத்தில் ஐந்து மணிக்கு அவரைத் தேத்தண்ணீர்கூட இல்லாமல் கூட்டிப்போயிருக்கிறீர்கள். இனி அப்படிச் செய்ய வேண்டாம். மற்றது, மணலில் வெறுங்காலோடு விடாதீர்கள், உணர்ச்சி குறைந்த காலில் சிப்பி குத்தினாலும் தெரியாது. வீடு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

கடிதத்தில் இல்லாத ஆள்

ஏழு பக்கக் கடிதத்தில் கணவரின் எச்.பி.ஏ.1சி இருக்கிறது, மகளின் பி.எம்.ஐ. இருக்கிறது, மகனின் பிறந்த எடை இருக்கிறது, மாமியின் மாத்திரைப் பட்டியல்கூட இருக்கிறது. உங்களுடையது வயதைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டில் ஐந்து பேர், வாங்கியது நான்கு சோடி சப்பாத்து. ஒன்பது நாளும் நீங்கள் செருப்போடு நடந்தீர்களா?

அந்த ஒரு வரிக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் சீனி கூடிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு, அப்படிக் கூடாதவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு தரமும், பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு தரமும் பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு ஒன்பது வயது. இந்த ஒன்பது வருடத்தில் பார்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை, பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால், உங்கள் வீட்டில் நான் முதலில் பரிசோதிக்க விரும்புவது உங்களை, கணவரை இல்லை. வெறும் வயிற்றில் ஒரு தரம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் ஒரு தரம் இரத்தம் கொடுங்கள். தனியார் லாபுக்குப் போகத்தான் வேண்டும் என்று இல்லை, 35 வயது தாண்டிய பெண்களுக்கான சுவநாரி கிளினிக்குகளில் பிரஷரும் சீனியும் இலவசமாகவே பார்ப்பார்கள். முடிவு எப்படி வந்தாலும் வழி இருக்கிறது. நான் மேலே சொன்ன அந்த 2002 ஆய்வில் உங்களைப் போலக் கர்ப்ப காலச் சீனி இருந்த பெண்களைத் தனியாகப் பார்த்தபோது, வாழ்க்கை முறை மாற்றம் அவர்களின் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருந்தது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ரியூசன் வாசலில்தான் இருக்கிறது. வெள்ளவத்தையில் எந்தப் பின்னேரமும் அந்த ஒழுங்கைகளில் இதைப் பார்க்கலாம், மதில் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், மடியில் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல், கையில் போன். ஒன்றரை மணித்தியாலம், கிழமைக்கு நான்கு நாள். அதில் ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் நடந்தால் உங்கள் 150 முடிந்து பத்து நிமிடம் மிச்சம். பக்கத்துக் கதிரை அம்மாவையும் கூப்பிடுங்கள், அவரும் யாராவது கூப்பிடட்டும் என்றுதான் இருப்பார். இந்த 40 நிமிடத்தில் நீங்கள் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, யாருடைய சப்பாத்துக்கும் கயிறு கட்ட வேண்டியதில்லை.

ஜிம், மொட்டை மாடி, வேறு சில

ஜிம் பக்கேஜ் இப்போதைக்கு வேண்டாம். ஜிம் கூடாது என்பதில்லை, ஆனால் இரவு எட்டு மணிக்கு வருகிறவர் ஒன்பதுக்கு ஜிம் போனால் பிள்ளைகளை எப்போது பார்ப்பார், அத்தோடு தவணை ஏற்கனவே ஓடுகிறது. மூன்று மாதம் இரவு நடையும் படியும் நிலைத்தால் அப்போது யோசியுங்கள்.

மொட்டை மாடியில் பிள்ளைகள் ஷட்டில் அடித்ததால் கமிட்டி பூட்டுப் போட்டுவிட்டது என்றீர்கள். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் தொடர்மாடிகளில் பொது இடங்கள் எல்லா வீட்டு உரிமையாளர்களுக்கும் பங்குள்ளவை. கமிட்டி ஒழுங்குவிதி போடலாம், அதற்காக உரிமை இல்லாமல் போகாது. நீங்கள் வாடகைக்கு இருப்பதால் வீட்டுக்காரர் மூலமாகக் கேளுங்கள். சண்டை பிடிக்காமல், 'பின்னேரம் ஐந்து முதல் ஆறரை வரை, ஒரு பெரிய ஆள் கூட இருப்பார்' என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். சுற்றுச்சுவர் உயரம் போதுமா என்று முதலில் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம், கொழும்புக்கே உரிய சில எச்சரிக்கைகள். நாம் நடக்க விரும்புகிற விடியலும் பின்னேரமும்தான் டெங்கு நுளம்பு அதிகம் கடிக்கிற நேரம், பூங்காக்களுக்குப் போகும்போது நீளக் காற்சட்டை போட்டு நுளம்பு மருந்தும் பூசுங்கள். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி கேட்டால் காலிமுகத்திடல் மாதிரி வெட்டவெளியில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் ஆகும் வரை திரும்ப இறங்கவும் வேண்டாம். மரீன் டிரைவில் கடலைப் பார்க்க என்று தண்டவாளத்தில் ஏறி நடக்கிறார்கள், கடல் இரைச்சலில் ரயில் வருவது கேட்காது. பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகவே சொல்லுங்கள். கணவருக்கு ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற நோவோ, தலைச்சுற்றோ வந்தால் அங்கேயே இருத்திவிட்டு 1990க்கு எடுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை.

இத்தனையும் ஒரே கிழமையில் தொடங்காதீர்கள், திரும்ப ஒன்பது நாள் கதையாகிவிடும். இந்தக் கிழமை இரண்டே இரண்டு விஷயம், கணவரின் மன்னிப்பும் உங்கள் இரத்தப் பரிசோதனையும். அடுத்த கிழமை ஓட்டோவை நிறுத்துங்கள். அதற்கு முன்னால் ஐந்தாவது சோடி வேண்டும். கடைக்குப் பின்னேரமாகப் போங்கள், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும். மேஸ் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் போட்டு, எழும்பி நின்று பாருங்கள், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், நிறத்தை அவள் தெரிவு செய்யட்டும்.